பனிப்புயலுக்கு முன்பே டிக்கெட்டை மாற்றிய அனுபவம்

2022 டிசம்பர் 23 அன்று சிகாகோவிலிருந்து நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் உள்ள அக்கா வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தேன். பனிப்புயல் எச்சரிக்கை வந்ததும் விமான நிறுவனத்தின் அறிவிப்பைத் தேடிப் படித்தேன். பயணத் தேதியை மாற்றத் தனிக் கட்டணம் கிடையாது என்றிருந்தது. அதே ஊர்கள், அதே வகுப்பு என்றால் கட்டண வித்தியாசமும் இல்லை. ஆனால் குறிப்பிட்ட தேதிகளுக்குள் பயணம் செய்தாக வேண்டும். அறிவிப்பில் இந்த நிபந்தனையை அவசியம் படியுங்கள். தொலைபேசியில் காத்திருக்காமல் செயலியிலேயே 21ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன்.

23ஆம் தேதி பஃபலோ விமான நிலையம் மூடப்பட்டது. பல நாட்கள் திறக்கவில்லை. அன்று வரவிருந்த அத்தானின் விமானம் ரத்தானது. பணத்துக்குப் பதில், பின்னால் பயணம் செய்யப் பயன்படும் வவுச்சர் தருகிறோம் என்றார்கள். நிறுவனமே ரத்து செய்து, நாம் மாற்று விமானத்தை ஏற்காவிட்டால், எந்த வகை டிக்கெட்டானாலும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்பது அமெரிக்க விதி. அதைச் சொல்லி எழுத்தில் கேட்டோம். முழுத்தொகையும் கார்டுக்கே வந்தது.