ஊரில் ஒருவரைக் கைது செய்திருக்கிறார்களா? தேடும்போது நாம் செய்கிற தவறுகள்

இரவு பத்து மணிக்கு மேல் தெருவுக்குள் ஒரு கார் வருகிறது. மஃப்டியில் இரண்டு பேர் இறங்கி, "சின்ன விசாரணைதான், காலையில அனுப்பிடுவோம்" என்று சொல்லிப் பையனைக் கூட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். எந்த ஸ்டேஷன் என்று கேட்க வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. போன வருடம் எங்கள் தெருவில் ஓர் அக்காவுக்கு இப்படித்தான் நடந்தது. விடிந்ததும் என்னிடம் வந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, போன்ல பேரைப் போட்டா எங்க வெச்சிருக்காங்கன்னு காட்டுமா?"

காட்டாது. ஆனாலும் நாங்கள் இரண்டு மணி நேரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

கூகுளில் கைது விவரம் என்று தேடினால் வரிசையாக வருவது பெரும்பாலும் அமெரிக்கப் பக்கங்கள். அங்கே பல கவுண்டிகளில் ஷெரீப் அலுவலகமே சிறையில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை இணையத்தில் போடுகிறது, பெயரைத் தட்டினால் ஆள் கிடைத்துவிடும். நம் ஊரில் பொதுமக்கள் பெயரைப் போட்டுத் தேடுகிற அப்படியொரு கைதுப் பதிவேடு கிடையாது. பணம் கட்டினால் யாருடைய கிரிமினல் ரெக்கார்டையும் எடுத்துத் தருகிறோம் என்கிற தளங்களிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். இங்கே எல்லாக் கதவையும் திறப்பது குற்ற எண்தான், அதாவது எஃப்.ஐ.ஆர். எண். நிலையத்தின் பெயர், குற்ற எண், ஆண்டு, இந்த மூன்றும் கையில் இருந்தால் மற்றது எல்லாம் தானாக வரும். இவை இல்லாமல் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அலைந்தால் நாள் போவதுதான் மிச்சம்.

இன்னொரு குழப்பம், மூன்று வெவ்வேறு காகிதங்களை ஒன்றென்று நினைப்பது. சி.எஸ்.ஆர். ரசீது என்றால் யாரோ கொடுத்த மனுவை வாங்கிக்கொண்டோம் என்பதற்கான ரசீது, அவ்வளவுதான். வழக்கு இன்னும் பதியவில்லை. எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) என்றால் வழக்குப் பதிந்தாயிற்று, ஆனால் அதில் பெயர் இருக்கிற எல்லோரையும் கைது செய்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. நோட்டீஸ் கொடுத்து வரச் சொல்லியிருக்கலாம், ஸ்டேஷன் ஜாமீனில் விட்டிருக்கலாம், ஆளையே இன்னும் பிடிக்காமலும் இருக்கலாம். மூன்றாவதுதான் கைதுக் குறிப்பு. எந்த நேரம், எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பது அதில்தான் இருக்கும். குடும்பத்தில் ஒருவரோ அந்தப் பகுதியைச் சேர்ந்த மதிப்புள்ள ஒருவரோ அதில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், கைதானவரும் போட வேண்டும். 1996இல் டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இப்போது 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிற பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்கிற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 36ஆம் பிரிவிலும் இருக்கிறது. கிராமத்தில் இந்தச் சாட்சிக் கையெழுத்துக்குப் பல நேரம் வி.ஏ.ஓ.வையோ தலையாரியையோதான் கூப்பிடுவார்கள். அதனால் வி.ஏ.ஓ. ஆபீசில் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இணையத்தில் கிடைக்காத தகவல் அங்கே கிடைத்துவிடும், எங்களுக்கு அப்படித்தான் முதல் துப்பு கிடைத்தது.

அடுத்தது, நம் ஊர் எந்த ஸ்டேஷன் எல்லையோ அங்கேதான் வைத்திருப்பார்கள் என்று நம்பி அங்கேயே உட்கார்ந்துவிடுவது. அக்கா காலையிலிருந்து மத்தியானம் வரை எங்கள் ஊர் ஸ்டேஷன் வாசல் வேப்பமரத்தடியில்தான் உட்கார்ந்திருந்தார். பாரா நின்ற காவலர் "இங்க அப்படி யாரையும் கொண்டு வரலையே" என்று திரும்பத் திரும்பச் சொன்னதைப் பொய் என்று நினைத்துக்கொண்டோம். அது உண்மைதான். தூக்கிப்போனது வேறொரு பிரிவு. சாராயம், கள் என்றால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, நிலமோசடி என்றால் மாவட்டக் குற்றப்பிரிவு, குடும்பச் சண்டை, பெண் கொடுத்த புகார் என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம், தண்டவாளத்துப் பக்கம் நடந்தது என்றால் ரயில்வே போலீஸ். மலையடிவாரத்து ஊர்களில் வனத்துறையும் கைது செய்யும். அந்த வழக்கு வனச்சரக அலுவலகத்தில் பதிவாகுமே தவிரப் போலீஸ் எஃப்.ஐ.ஆர். பக்கத்தில் எத்தனை நாள் தேடினாலும் வராது. பழங்குடிக் குடும்பங்கள் இதனால் படுகிற அலைச்சல் கொஞ்சமல்ல.

ஆன்லைனில் மாவட்டத்தைத் தேர்ந்தெடுக்கும்போதும் கவனம் வேண்டும். மதுரை, திருநெல்வேலி, திருச்சி, கோவை, சேலம், திருப்பூர் ஆகியவற்றில் மாநகரக் காவல் தனி, மாவட்டக் காவல் தனி. பக்கத்துக் கிராமத்துக்காரர்கள் முகவரியில் மதுரை என்று இருப்பதைப் பார்த்து மாநகரத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஸ்டேஷன் பெயரையே காணோம் என்று விட்டுவிடுகிறார்கள். பழைய வழக்கைத் தேடுகிறீர்கள் என்றால் இன்னொன்றையும் பாருங்கள். தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு எல்லாம் 2019இல் பிரிந்த மாவட்டங்கள், மயிலாடுதுறை 2020இல். அதற்கு முந்தைய வழக்கென்றால் தாய் மாவட்டத்தின் பெயரிலும் ஒரு தடவை தேடிப் பாருங்கள்.

தமிழ்நாடு காவல்துறையின் இணையச் சேவைப் பக்கத்தில் மாவட்டம், நிலையம், ஆண்டு, எண் கொடுத்தால் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம், இறக்கிக்கொள்ளலாம், காசு கிடையாது. இது அரசாங்கம் தானாகத் தந்த சலுகை இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிந்த 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத பகுதிகளுக்கு மட்டும் 72 மணி நேரம் வரை விட்டுக்கொடுத்தது. ஆகவே காலையில் பிடித்தவரின் எஃப்.ஐ.ஆர். மத்தியானம் தளத்தில் இல்லை என்பதற்காக வழக்கே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். பாலியல் குற்றம், போக்சோ, தீவிரவாதம் சார்ந்த வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். தளத்தில் ஏறவே ஏறாது. அப்போது குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பு நேரில் மனுக்கொடுத்து நகல் கேட்கலாம். போலீசிடம் கேட்டால் 24 மணி நேரத்தில், நீதிமன்றத்தில் கேட்டால் இரண்டு வேலை நாளில் தர வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. புகார் கொடுத்தவருக்கு நகல் இலவசம்.

நீதிமன்ற வழக்குகளின் நிலையைக் காட்டுகிற இ-கோர்ட்ஸ் செயலியிலும் இதே மாதிரி ஏமாற்றம் வரும். குற்றப்பத்திரிகை தாக்கலாகி, நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்து எண் கொடுத்த பிறகுதான் வழக்கு அங்கே முழுசாகத் தெரியும். கைதுக்கும் அதற்கும் நடுவில் பல மாதம் ஓடிவிடும். அந்த இடைவெளியில் ஜாமீன் மனு போட்டிருந்தால் அது மட்டும் கண்ணில் படலாம். பெயரைப் போட்டுத் தேடித்தான் ஆக வேண்டும் என்றால் எழுத்துக்கூட்டலில் ஏமாந்துவிடாதீர்கள். சண்முகம் என்கிற ஒரு பெயரையே ஆங்கிலத்தில் 'எச்' போட்டும் எழுதுவார்கள், போடாமலும் எழுதுவார்கள். முத்துலட்சுமியைச் சேர்த்து எழுதினால் ஒன்று, பிரித்து எழுதினால் இன்னொன்று. இனிஷியல் முன்னால் ஒருவருக்கு, பின்னால் ஒருவருக்கு. பெயரின் நடுவில் மாறாத நாலைந்து எழுத்தை மட்டும் போட்டு, ஆண்டை மாற்றி மாற்றிப் பாருங்கள். அதைவிட நல்லது, எஃப்.ஐ.ஆர். எண்ணை வைத்துத் தேடுகிற வசதி அதே செயலியில் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். இன்னொன்று, உங்கள் ஊரில் ஒரே பெயரில், ஒரே அப்பா பெயரோடுகூட நாலு பேர் இருப்பார்கள். வயதும் தெருவும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் இவர்தான் அவர் என்று சொல்லிவிடாதீர்கள். பெண் கொடுக்கிற இடத்தில் விசாரிக்கிறேன் என்று கிளம்பி, ஒரு தப்பும் செய்யாத பையனுக்கு வந்த வரனைக் கெடுத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சரி, ஆளை இன்றைக்குத்தான் பிடித்திருக்கிறார்கள் என்றால் செல்போனை மூடி வைத்துவிட்டு நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கைதான 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் நீங்கலாக, நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியலமைப்பின் 22ஆவது பிரிவு. நாம் செய்கிற பெரிய தவறு, "காலையில அனுப்பிடுவோம்" என்பதை நம்பி அந்த 24 மணி நேரத்தைச் சும்மா கழிப்பதுதான். கைதானவர்களின் பெயர், முகவரி, என்ன குற்றம் என்பதை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும், அதற்கென்று ஒரு அதிகாரியை நியமிக்க வேண்டும் என்கிறது புதிய சட்டத்தின் 37ஆம் பிரிவு. எஸ்.பி. அலுவலகக் கட்டுப்பாட்டு அறைக்கு போன் போட்டு, "37ஆம் பிரிவின்படி இன்றைய கைதுப் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா" என்று கேளுங்கள். குரலை உயர்த்த வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். பேசியவர் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு காலத்தில் நம் பக்கத்தில் ஆளைப் பிடித்துப்போனால் உடனே தபாலாபீசுக்கு ஓடி, கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் தந்தி அடிப்பார்கள். இந்த நேரத்தில் இவர் போலீஸ் பிடியில் இருந்தார் என்பதற்கு அந்தத் தந்தி ரசீதுதான் பின்னால் கோர்ட்டில் பேசும். 2013 ஜூலையோடு தந்தி நின்றுபோயிற்று, அதோடு அந்தப் பழக்கமும் பல ஊர்களில் விட்டுப்போனதுதான் எனக்கு வருத்தம். அதற்குப் பதில் மின்னஞ்சல் இருக்கிறது, ஸ்பீட் போஸ்ட் இருக்கிறது. எத்தனை மணிக்கு, யார், எந்த வண்டியில் கூட்டிப்போனார்கள் என்று நாலு வரி எழுதி எஸ்.பி.க்கும் எல்லைக்குட்பட்ட நடுவர் நீதிமன்றத்துக்கும் அனுப்பி வையுங்கள். பிறகு கைது நேரத்தை மாற்றி எழுதினாலும் உங்கள் கடிதத்தின் நேரம் மாறாது.

வக்கீலுக்குப் பணமில்லை என்று சும்மா இருந்துவிடாதீர்கள். தாலுகா நீதிமன்ற வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி தருகிற வட்டச் சட்டப் பணிகள் குழு இருக்கிறது, 15100 என்ற எண்ணுக்கும் கூப்பிடலாம். எங்கே என்று சொல்லாமலே ஒரு நாளைத் தாண்டிவிட்டார்கள் என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லிக் கேட்கிற மனு போடலாம். தென் மாவட்டக்காரர்கள் சென்னை வரை போக வேண்டியதில்லை, மதுரைக் கிளை இருக்கிறது.

தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிப் போடுகிறவர்கள் செய்கிற தவறு, 'ஏன் கைது செய்தீர்கள்' என்று கேட்பது. அந்தச் சட்டத்தில் ஆவணத்தைத்தான் கேட்க வேண்டும். இந்தத் தேதியில் இந்த நிலையத்தின் கைதுக் குறிப்பு நகல், பொது நாட்குறிப்பின் இந்தப் பக்கம் என்று குறிப்பாகக் கேளுங்கள். விசாரணையைப் பாதிக்கும் என்று 8(1)(எச்) பிரிவைக் காட்டி மறுக்கலாம், மேல்முறையீடு செய்யுங்கள். ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவல் என்றால் 30 நாள் இல்லை, 48 மணி நேரத்தில் பதில் தர வேண்டும். மனுவின் தலைப்பிலேயே அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

எஃப்.ஐ.ஆரே இல்லாத கைதுகளும் உண்டு. மறியலில் பிடித்துக் கல்யாண மண்டபத்தில் வைத்துச் சாயந்திரம் விடுவதைத் தேடி அலைய வேண்டாம், கட்சிக்காரர்களிடம் கேட்டாலே தெரிந்துவிடும். தடுப்புக்காவலில் வைக்கிற குண்டர் சட்டம் அப்படியில்லை. மாவட்டப் பகுதியில் அந்த ஆணையைப் போடுவது கலெக்டர், காகிதம் அங்கிருந்துதான் வரும். பதினெட்டு வயதுக்குக் கீழ் இருக்கிற பிள்ளை என்றால் இளைஞர் நீதிக் குழுமத்திலும் கூர்நோக்கு இல்லத்திலும் விசாரியுங்கள். அந்தப் பிள்ளையின் பெயர் எந்தப் பட்டியலிலும் வரக்கூடாது, நீங்களும் பெயரையோ போட்டோவையோ வாட்ஸப்பில் போடக்கூடாது, அது குற்றம்.

ரிமாண்ட் ஆன பிறகு, அதாவது நடுவர் நீதிமன்றக் காவலுக்கு அனுப்பிய பிறகு, பக்கத்துக் கிளைச் சிறையில்தான் இருப்பார் என்றும் நினைக்காதீர்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் பிடிக்கப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் இருவரையும் கொண்டுபோய் அடைத்தது சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி, கோவில்பட்டிக் கிளைச் சிறையில். அதுவும் பொதுமுடக்க நேரம். ஆகவே ரிமாண்டுக்கு முன்பே பார்க்கப் பாருங்கள். கைதானவரை மருத்துவப் பரிசோதனைக்கு அழைத்துப்போயாக வேண்டும். கிராமப்புறத்தில் அது பெரும்பாலும் தாலுகா அரசு மருத்துவமனைதான்.

நாங்கள் அந்தப் பையனைக் கடைசியில் பார்த்ததும் அங்கேதான். மறுநாள் சாயந்திரம் நாலரை மணி, புறநோயாளிச் சீட்டுக் கொடுக்கிற ஜன்னல் பக்கம், இரண்டு காவலர்களுக்கு நடுவில் செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தான். அக்கா அவனைக் கூப்பிடக்கூட இல்லை, நேராகப் போய்க் கன்னத்தையும் கையையும் தொட்டுப் பார்த்தார். கூட வந்த காவலர்களில் ஒருவர் நல்ல மனிதர். நான் கேட்டதும், மருந்துச் சீட்டின் பின்பக்கம் ஸ்டேஷன் பெயர், குற்ற எண், எந்த நடுவர் நீதிமன்றம் என்று மூன்றையும் பால்பாயிண்ட் பேனாவில் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைக் காட்டித்தான் வக்கீல் அடுத்த நாள் காலையில் ஜாமீன் மனு போட்டார்.