இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு 200 மீற்றர் ஓடுபாதை கீறும் முறை

முதலாம் தவணை தொடங்கிச் சில கிழமைக்குள் இல்லக் கூட்டம், அணிநடைப் பயிற்சி, அலங்காரத்துக்குக் காசு சேர்த்தல் எல்லாம் மும்முரமாகிவிடும். ஓடுபாதை மட்டும் அநேகமாகப் போட்டிக்கு முதல் நாள் பின்னேரம், இருட்டும் நேரத்தில், ஒரு நைலோன் கயிற்றையும் இரண்டு பொடியன்களையும் வைத்துக் கீறப்படும். ஆறாம் சுவட்டில் (ஒவ்வொருவருக்கும் கீறிவிடும் தனித் தடத்தில்) ஓடிய பிள்ளை தோற்றது காலாலா கயிற்றாலா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. போட்டிக்கு நான்கு நாளாவது இருக்கும்போது அளவெடுப்பை முடித்துவிடுங்கள். கோட்டுக்கு வெள்ளை போடுவதை மட்டும் கடைசி நாளுக்கு விடலாம்.

முதலில் இடம் காணுமா என்று பாருங்கள். இங்கே சொல்லும் பாதையில் இரு நேர்ப்பாதைகளும் 40 மீற்றர், இரு வளைவுகளும் 60 மீற்றர். ஆறு சுவடு வைத்தால் நீளம் 92.44 மீற்றர், அகலம் 52.44 மீற்றர். நான்கு சுவடு என்றால் 87.56க்கு 47.56. இதற்கு வெளியே சுற்றிவர 3 மீற்றராவது வெறுமையாக இருக்கட்டும். இல்லக் கூடாரங்களும் தென்னோலைத் தோரணங்களும் அந்த எல்லைக்கு அப்பால்தான் நிற்க வேண்டும். இடம் காணாவிட்டால் சுவடுகளைக் குறையுங்கள், சுவட்டின் அகலத்தைக் குறைக்காதீர்கள். 1.22 மீற்றருக்குக் குறைந்தால் வளைவில் முழங்கை முட்டும்.

மைதானம் இடம் கொடுத்தால் பாதையை வடக்குத் தெற்காக வையுங்கள். நம் போட்டிகள் பெரும்பாலும் மத்தியானத்துக்குப் பிறகே தொடங்குகின்றன. முடிவு நடுவர்கள் மேற்குப் பக்கம் நின்றால் வெயில் முதுகில் விழும், கண்ணில் விழாது. ஓட்டம் இடஞ்சுழி என்பதால் மேற்கு நேர்ப்பாதையில் ஓடுபவர் வடக்கிலிருந்து தெற்கே வருவார். ஆகவே முடிவுக் கோடு அந்த நேர்ப்பாதையின் தென்முனையில் அமையும். தை, மாசியில் வாடைக் காற்றும் பின்னாலிருந்து தள்ளும். அந்த நேரங்களைச் சாதனை என்று பதிய முன் இதையும் நினைவில் வையுங்கள்.

தேவையானவை: 50 மீற்றர் இரும்பு அளவு நாடா ஒன்று, 100 மீற்றர் நாடா ஒன்று, நீளாத கட்டுக்கம்பி 30 மீற்றர், கையளவு இரும்பு முளைகள் எண்பது, அலவாங்கு, சுத்தியல், நான்கு நிறத் துணித் துண்டுகள், ஒரு கொப்பி. வளைவு கீற நைலோன் கயிறு வேண்டாம். இழுக்க இழுக்க நீளும். ஆரையில் 10 சென்ரிமீற்றர் பிழைத்தால் ஒரு சுற்றில் 63 சென்ரிமீற்றர் பிழைக்கும்.

மைதானத்தின் நடுவே நீளவாக்கில் ஒரு கோடு இழுத்து, அதில் 40 மீற்றர் இடைவெளியில் இரண்டு மையங்களை அடியுங்கள். ஒவ்வொரு மையத்திலும் நடுக்கோட்டுக்குச் செங்குத்தாக இரு பக்கமும் 18.90 மீற்றர் அளந்து முளை அடித்தால் நான்கு மூலைகள் கிடைக்கும். செங்கோணத்துக்கு 3-4-5 முறை போதும், ஆனால் 3 மீற்றர், 4 மீற்றர் என்று சின்னதாக எடுக்காமல் 12, 16, 20 மீற்றர் எடுங்கள். சின்ன முக்கோணத்தில் விரலளவு பிழை 18.90 மீற்றர் தூரத்தில் சாண் பிழையாகிவிடும். நான்கு மூலையும் வந்த பிறகு மூலைவிட்டம் இரண்டையும் அளங்கள். இரண்டும் 55.03 மீற்றர் இருக்க வேண்டும். ஒன்று கூடி மற்றது குறைந்தால் செவ்வகம் சரிந்திருக்கிறது. அதை நேராக்காமல் மேலே போகவேண்டாம்.

பிறகு மையத்தில் கம்பியை மாட்டி, 18.90 ஆரையில் வெளிப்பக்கம் அரைவட்டம் கீறுங்கள். மையத்து முளை அசையக் கூடாது. யாழ்ப்பாணத்தில் சுன்னாகம், கோப்பாய்ப் பக்கத்துச் செம்மண் மழை விட்டதும் இறுகி முளையைப் பிடித்துக்கொள்ளும். வடமராட்சிக் கரையோர மணலில் அது நிற்காது. அங்கே இரண்டடி நீளக் குழாயை இறக்கி, சுற்றிவரக் கல் இறுக்க வேண்டும்.

18.90 எங்கிருந்து வந்தது என்று கட்டாயம் விளங்கிக்கொள்ளுங்கள். பெரும்பாலான பிழைகளின் ஊற்று இதுதான். ஓடுபவர் கோட்டின் மேல் ஓடுவதில்லை, சற்று வெளியே ஓடுகிறார். உள்விளிம்பில் உயர்ந்த கட்டு இருந்தால் அதிலிருந்து 30 சென்ரிமீற்றர் வெளியே தூரத்தை அளப்பது விதி. வெறும் கோடு என்றால் 20 சென்ரிமீற்றர். இரண்டாம் சுவட்டிலிருந்து எல்லாவற்றுக்கும் 20தான். இரு வளைவும் சேர்ந்த 120 மீற்றருக்கு ஓட்ட ஆரை 19.10. அதில் 20 சென்ரிமீற்றர் கழித்தால் 18.90.

வெளிச் சுவட்டின் வளைவு நீளம் என்பதால் அதன் ஆரம்பக் கோட்டை முன்னே தள்ளி வைக்கும் தூரம்தான் முன்தள்ளல். புத்தகங்களில் இரண்டாம் சுவட்டுக்கு அது 7.04 மீற்றர் என்று இருக்கும். அது உள்விளிம்பில் கட்டு உள்ள பாதைக்கானது. நம் மைதானத்தில் கட்டு இல்லை. வெறும் கோட்டுப் பாதையில் அது 7.67 மீற்றர். 18.90 ஆரையில் பாதையைக் கீறிவிட்டு 7.04 வைத்தால், இரண்டாம் சுவடு முதல் வெளிச் சுவடு வரை எல்லாரும் முதலாம் சுவட்டுக்காரரைவிட 63 சென்ரிமீற்றர் கூட ஓடுவார்கள். பந்தயத்தையே மாற்றக்கூடிய தூரம் அது.

சுவடுகள் எல்லாம் 1.22 மீற்றர். வெளிப்பக்கக் கோட்டின் 5 சென்ரிமீற்றரும் அதற்குள் அடங்கும். எனவே ஒரு கோட்டின் வெளிவிளிம்பிலிருந்து அடுத்த கோட்டின் வெளிவிளிம்புக்கு அளங்கள். கோட்டுக்குக் கோடு இடைவெளியை மட்டும் அளந்தால் ஆறாம் சுவட்டின் வெளிக்கோட்டுக்குப் போகும்போது 30 சென்ரிமீற்றர் தள்ளிப் போயிருக்கும்.

முன்தள்ளலுக்கு ஒரே ஒரு கணக்கு போதும். ஒரு வளைவுக்கு, ஒரு சுவட்டுக்கு 3.833 மீற்றர். ஓட வேண்டிய வளைவுகளின் எண்ணிக்கை, உள்ளே இருக்கும் சுவடுகளின் எண்ணிக்கை, 3.833 ஆகிய மூன்றையும் பெருக்குங்கள். சுவட்டிலேயே ஓடும் 200 மீற்றரில் இரண்டு வளைவு. ஆகவே இரண்டாம் சுவட்டுக்கு 7.67, மூன்றாவதற்கு 15.33, நான்காவதற்கு 23.00, ஐந்தாவதற்கு 30.66, ஆறாவதற்கு 38.33.

இந்தத் தூரங்களை அந்தந்தச் சுவட்டின் உட்கோட்டுக்கு 20 சென்ரிமீற்றர் வெளியே, வளைவோடு வளைவாக அளக்க வேண்டும். நாடா வளைந்து நிற்க முளைகள் தேவை. 2 மீற்றருக்கு ஒரு முளை அடித்தால் 60 மீற்றர் வளைவில் பிழை 3 சென்ரிமீற்றருக்குள் நிற்கும். சோம்பலில் 5 மீற்றருக்கு ஒன்று அடித்தால் 17 சென்ரிமீற்றர் ஆகும்.

200 மீற்றருக்கு இன்னொரு சுருக்க வழி உண்டு. முடிவுக் கோடு முதலாம் சுவட்டின் உட்கோட்டைத் தொடும் மூலையில் நாடாவைப் பிடித்து, அதே உட்கோட்டின் மேல் வந்து விழும்படி நேர்கோட்டில் அளங்கள்: இரண்டாம் சுவட்டுக்கு 7.09 மீற்றர், மூன்றாவதற்கு 13.17, நான்காவதற்கு 18.29, ஐந்தாவதற்கு 22.55, ஆறாவதற்கு 26.05. வளைவின் மையத்திலிருந்து அந்தப் புள்ளி வழியே கம்பியை வெளியே நீட்டி, உரிய சுவட்டில் மட்டும் ஆரம்பக் கோட்டைக் கீறுங்கள். இரண்டு முறையிலும் அளந்து பார்த்து, இரண்டும் ஒத்துவந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

100 மீற்றர் ஓட்டத்துக்கு 100 மீற்றர் நேர்ப்பாதையும், முடிவுக்கு அப்பால் நின்று தணிய 17 மீற்றரும் வேண்டும். பட்டணத்துப் பாடசாலைகளில் அவ்வளவு நீளம் கிடைப்பது அரிது. மதிலில் போய் முட்டும் நேர்ப்பாதையைவிட வளைவில் தொடங்கும் அரைச்சுற்று மேல். எதிர்ப்பக்க நேர்ப்பாதையின் முடிவில், ஒரு வளைவுக்குரிய முன்தள்ளலோடு (3.83, 7.67, 11.50, 15.33, 19.16) ஆரம்பக் கோடுகளை வையுங்கள். வலயப் போட்டிக்கு ஆள் தெரிவு செய்யும்போது இந்த நேரங்களை நேர்ப்பாதை நேரங்களோடு ஒப்பிடக் கூடாது.

400 மீற்றரை முழுக்கச் சுவட்டிலேயே ஓடவைத்தால் நான்கு வளைவு: இரண்டாம் சுவட்டுக்கு 15.33, ஆறாவதற்கு 76.65. பார்வையாளர் ‘அந்தப் பிள்ளையை ஏன் அவ்வளவு முன்னால் விட்டிருக்கிறார்கள்’ என்று கத்துவார்கள். ஒலிபெருக்கியில் ஒருமுறை விளக்கினால் அடங்கிவிடும். பெரிய பிரிவுகளில் முதல் இரண்டு வளைவுகளை மட்டும் சுவட்டில் ஓடவிட்டு, முடிவுப் பக்க நேர்ப்பாதை தொடங்கும் இடத்தில் உள்ளே வரவிடலாம். அப்போது 200 மீற்றர் ஆரம்பக் கோடுகளே அடிப்படை. சரிந்து உள்ளே வரும் தூரத்துக்காக மூன்றாம் சுவட்டுக்கு 7, நான்காவதற்கு 17, ஐந்தாவதற்கு 30, ஆறாவதற்கு 46 சென்ரிமீற்றர் கூட முன்தள்ளுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம், உள்ளே வரும்போது கால் தடக்கி விழுவார்கள்.

நாலு தர நூறு அஞ்சல் ஓட்டத்துக்குப் புதிதாக ஒரே ஒரு தொகுதிக் குறிதான் தேவைப்படும். ஆரம்பம் 400 மீற்றரின் நான்கு வளைவுக் கோடு. முதற் கோல் மாற்றம் மூன்று வளைவுக் கோடு, அது எதிர்ப்பக்கத்தில்: இரண்டாம் சுவட்டுக்கு 11.50, மூன்றாவதற்கு 23.00, நான்காவதற்கு 34.50, ஐந்தாவதற்கு 45.99, ஆறாவதற்கு 57.49. இரண்டாம் மாற்றம் 200 மீற்றர் ஆரம்பக் கோடு. மூன்றாம் மாற்றம் 100 மீற்றர் ஆரம்பக் கோடு. இந்த மாற்றக் கோடு ஒவ்வொன்றுக்கும் 20 மீற்றர் முன்னிருந்து 10 மீற்றர் அப்பால் வரை, மொத்தம் 30 மீற்றர் கோல் மாற்றும் வலயம். பழைய 20 மீற்றர் வலயமும் அதற்கு முன்னான 10 மீற்றர் ஓடுதூரமும் இப்போது இந்த ஓட்டத்துக்கு இல்லை. முளைகளில் நிறத்துணி கட்டுங்கள்: ஒரு வளைவுக்கு மஞ்சள், இரண்டுக்கு வெள்ளை, மூன்றுக்கு நீலம், நான்குக்குச் சிவப்பு. போட்டியன்று தவறான கோட்டில் நிற்கும் பிள்ளையைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்கலாம்.

எந்த ஓட்டமானாலும் ஆரம்பக் கோட்டின் 5 சென்ரிமீற்றர் ஓடும் தூரத்துக்குள் அடங்கும், முடிவுக் கோட்டினது அடங்காது. ஆரம்பக் கோட்டின் பின்விளிம்பிலிருந்து முடிவுக் கோட்டின் முன்விளிம்பு வரைதான் கணக்கு.

கோடு போடச் சுட்ட சுண்ணாம்பை உலர்ந்த தூளாகத் தூவும் வழக்கத்தை விடுங்கள். விழும் பிள்ளையின் கண்ணிலும் உரசிய முழங்காலிலும் பட்டால் எரித்துவிடும். தண்ணீர் சேர்த்த வெள்ளை இமல்சன் பெயின்ற் நல்லது. ஆறு சுவடுக்கு ஏழு கோடு, மொத்தம் ஏறத்தாழ 1550 மீற்றர். முதலில் 50 மீற்றருக்குப் போட்டு எவ்வளவு பிடித்தது என்று பார்த்து, அதை 31 ஆல் பெருக்கி வாங்குங்கள். காலைப் பனி ஈரத்தில் போட்டால் பரவிவிடும், எட்டு மணிக்குப் பிறகு தொடங்குங்கள்.

மைதான நிகழ்ச்சிகளில் குண்டு போடுதலும் பரிதி (தட்டு) வட்டமும் எறிகோணத்தில்தான் பிழைக்கும். பாகைமானி வேண்டாம். வட்டத்தின் மையத்திலிருந்து 20 மீற்றர் தூரத்தில் இரண்டு எல்லைக் கோடுகளுக்கும் இடையில் சரியாக 12 மீற்றர் இருந்தால் கோணம் சரி. ஈட்டிக்கு, 8 மீற்றர் ஆரையில் கீறும் எறிவில்லின் மையத்திலிருந்து 40 மீற்றரில் 20 மீற்றர். குண்டு வட்டத்தின் விட்டம் 2.135, பரிதி வட்டத்துக்கு 2.50. பாதைக்கு உள்ளே ஈட்டியோ பரிதியோ எறியும் நேரத்தில் ஓட்டம் வைக்கவே கூடாது. நிகழ்ச்சி நிரலைக் காலையில் எறிதல், பின்னேரம் ஓட்டம் என்று பிரியுங்கள்.

நீளம் பாய்தல் குழிக்கு அகலம் 2.75, மிதிபலகையிலிருந்து குழியின் கடைசி விளிம்புக்கு 10 மீற்றர். பலகை குழிக்கு 1 மீற்றர் முன்னால் என்றால் குழியின் நீளம் 9 மீற்றர். 40 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மூன்றரைக் கியூப் (ஒரு கியூப் 100 கன அடி) மணல் பிடிக்கும். சுண்ணாம்புக்கல் மேலேயே தட்டுப்படும் இடங்களில் குழி தோண்ட முன் அலவாங்கால் குத்திப் பாருங்கள். கல் தட்டினால் இடத்தை மாற்றுங்கள், ஆழத்தைக் குறைக்க வேண்டாம். மணலை முதல் நாள் இரவே நனைத்துவிட்டால் பாதச்சுவடு தெளிவாக விழும்.

வேலை முடிந்ததும் இரு மையங்களிலும் மூடியுள்ள இரும்புக் குழாயை நிலமட்டத்துக்குக் கீழே நாலு விரல் இறக்கிப் புதைத்து, கட்டட மூலை ஒன்றிலிருந்தும் மதில் தூண் ஒன்றிலிருந்தும் உள்ள தூரத்தை விளையாட்டறைக் கொப்பியில் எழுதிவையுங்கள். அடுத்த வருடம் ஒரு மணித்தியாலத்தில் பாதை நிற்கும். முளைகளை அடிக்கும்போது எண்ணுங்கள், பிடுங்கும்போதும் எண்ணுங்கள். மார்ச்சில் கிரிக்கெட் பெரும்போட்டி நடக்கும் மைதானங்களில் புல்லுக்குள் மறைந்த ஒரு முளை போதும், பந்தைத் தடுக்க விழுபவரின் கையைக் கிழிக்க.