நாள்பட்ட அடிவயிற்று வலி: ஸ்கேன் சொல்லாததை நோட்டு சொல்லும்

ஆறு மாதங்களுக்கு மேலாக அடிவயிற்றிலோ இடுப்புக்குழியிலோ வலி நீடித்தால் அதை நாள்பட்ட வலி என்கிறார்கள். ஸ்கேன் அறிக்கை சரியாக வந்துவிட்டது என்பதற்காக வலியே இல்லை என்று வீட்டார் முடிவுகட்டுவது பெருந்தவறு. கருப்பையின் உள்வரிச் சவ்வை ஒத்த திசு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ், இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இருந்தும், வழக்கமான ஸ்கேனில் பல நேரங்களில் புலப்படுவதில்லை.

ஆகவே முதலில் ஒரு நோட்டை எடுத்து, இரண்டு மாதங்களுக்கேனும் வலியின் இடம், நேரம், 0 முதல் 10 வரையிலான அளவு ஆகியவற்றை அன்றன்றே எழுதுங்கள். மாதவிலக்கை ஒட்டிக் கூடுகிறதா, சிறுநீர் கழித்ததும் தணிகிறதா, மலம் கழித்ததும் மாறுகிறதா என்ற குறிப்புகள்தாம் கருப்பையா, சிறுநீர்ப்பையா, குடலா என்று மருத்துவர் தேடத் தொடங்கும் இடம். மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தில் விரலை அழுத்தியபடி தலையைத் தூக்கும்போது வலி கூடினால், கோளாறு உள்ளுறுப்பில் அல்லாமல் வயிற்றுச் சுவரின் தசையிலோ நரம்பிலோ இருக்கலாம், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பலரும் கவனிக்கத் தவறுவது, சிறுநீர்ப்பை, கருப்பை, குடல் ஆகியவற்றை அடியிலிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகளை. நெடுநாள் வலியில் அவை நாம் அறியாமலே இறுகிக்கொள்ள, அந்த இறுக்கமே புதிய வலியாகிறது. இத்தகையோர் யாரோ சொன்னார்கள் என்று அத்தசைகளைச் சுருக்கும் கீகல் பயிற்சியைச் செய்தால் வலி கூடக்கூடும். அவர்களுக்கு வேண்டியது தளர்வு. முழங்கால்களை மடக்கிப் படுத்து, வயிறு உயருமாறு மூச்சை இழுத்து, அப்போது மலவாய்ப் பகுதி தளர்ந்து இறங்குவதை உணர்ந்து, மெல்ல வெளிவிடுங்கள். காலையும் இரவும் பத்து நிமிடம் போதும். மேற்கத்தியக் கழிப்பறையில் பாதங்களுக்கு அடியில் மணைப்பலகை வைத்துக்கொண்டால் முக்கல் குறையும். இயன்முறை மருத்துவர்களில் இத்தசைகளுக்கெனப் பயின்றவரைத் தேடிச் செல்வது மேல்.

துணி சுற்றிய வெந்நீர்ப்பை உதவும். மெஃபனமிக் அமிலம், ஐபுப்ரோஃபென் போன்ற வலிநிவாரணிகளை உணவுக்குப் பின்னரே விழுங்க வேண்டும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. மனச்சோர்வு மருந்தான அமிட்ரிப்டிலினைக் குறைந்த அளவில் எழுதித் தந்தால் மனம் நோகாதீர்கள். நரம்பு வலியைத் தணிக்கவும் அது பயன்படுகிறது.

மயக்கம், காய்ச்சல், ஓயாத வாந்தி, மாதவிலக்கு தள்ளிப்போன நிலையில் திடீர்க் கடும்வலி ஆகியவற்றில் எது வந்தாலும் நோட்டுக்காகக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், மாதவிலக்கு நின்ற பின் உதிரப்போக்கு இருந்தால் அந்த வாரத்திலேயே மருத்துவரைப் பாருங்கள்.