மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கிறது, எவ்வளவு வேகத்தில் சுற்றுகிறது?

அர்டுயினோ ஊனோவில் எல்இடி எரிய வைக்கத் தெரிந்தவர்களுக்கு இது. ரோபோ வண்டிகளில் வரும் மஞ்சள் கியர் மோட்டாரில்தான் செய்தேன். மோட்டாரை இயக்கும் டிரைவர் போர்டாக டிபி6612 வாங்குங்கள். எல்298 என்ற இன்னொரு டிரைவர் கிட்டத்தட்ட 2 வோல்ட்டைத் தானே விழுங்கிவிட்டுச் சூடாகும்.

முதலில் கரண்ட். ஏசிஎஸ்712 என்ற கரண்ட் சென்சார், 5 ஆம்பியர் வகை. மோட்டாருக்குப் போகும் இரண்டு வயரில் ஒன்றை வெட்டி நடுவில் மாட்டுங்கள். அவுட்புட் ஏ0-க்கு. கிரவுண்ட் எல்லாம் ஒன்றாகச் சேர வேண்டும். கரண்ட் இல்லாதபோது 2.5 வோல்ட் வரும். ஒரு ஆம்பியருக்கு 185 மில்லிவோல்ட் மாறும். ஊனோ 5 வோல்ட்டை 1024 படிகளாகப் பிரித்துப் படிக்கிறது, ஒரு படிக்குச் சுமார் 26 மில்லிஆம்பியர்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம்தான். முழு வேகத்தில் ஒழுங்காக இருந்த ரீடிங், வேகத்தைப் பாதியாக்கியதும் தாறுமாறாகக் குதித்தது. சென்சார் போச்சு என்று புதிதாக வாங்கினேன். அதுவும் குதித்தது! வேகத்தைக் குறைக்கப் போடும் பிடபிள்யூஎம் (அனலாக்ரைட்) வோல்டேஜைக் குறைப்பதில்லை. 9ஆம் பின்னில் விநாடிக்கு 490 முறை போட்டுப் போட்டு அணைக்கிறது. அதனால் மோட்டார் கரண்டும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஏ0-வைப் படிக்கும் அனலாக்ரீட் 0.1 மில்லிவிநாடியில் முடிந்துவிடுவதால், ஏற்றமோ இறக்கமோ, அந்த நேரத்தில் அகப்பட்டதைத்தான் காட்டும்.

சரி, 200 ரீடிங் எடுத்துச் சராசரி போடுங்கள். பத்துப் பதினோரு அலை அதற்குள் அடங்கிவிடும். கூட்டுத்தொகைக்கு லாங் போடுங்கள். இன்ட் போட்டால் 32,767-ஐத் தாண்டியதும் மைனஸில் போய்விடும் (ஒரு மாலை முழுக்க இதற்கே போனது). கரண்ட் இல்லாதபோது ரீடிங் சரியாக 512 (2.5 வோல்ட்) வரும் என்று நம்ப வேண்டாம். மோட்டார் ஓடுவதற்கு முன் அதே மாதிரி அளந்து வைத்துக் கழியுங்கள்.

அடுத்து வேகம். சக்கரத்தோடு சுற்றும் 20 துளை வட்டு, துளை கடப்பதைப் பார்க்கும் ஐஆர் சென்சார், 2ஆம் பின்னில் இன்டரப்ட் (பல்ஸ் வந்ததும் மற்ற வேலையை நிறுத்திவிட்டு எண்ணும் ஏற்பாடு). ஒரு விநாடியில் வரும் பல்ஸை 3-ஆல் பெருக்கினால் ஆர்பிஎம் (நிமிடத்துக்கு எத்தனை சுற்று). எண்ணும் மாறிக்கு வோலடைல் கட்டாயம், இன்டரப்டில் அது மாறியதை லூப் கவனிக்க. 200 வர வேண்டிய இடத்தில் 600 வந்தால், துளையின் விளிம்பில் சிக்னல் நடுங்குகிறது. 200 ஆர்பிஎம்மில் இரண்டு பல்ஸுக்கு நடுவே 15 மில்லிவிநாடி இருக்கும். ஆகவே முந்தையதிலிருந்து 2 மில்லிவிநாடிக்குள் வருவதை எண்ணாமல் விட்டால் போதும்.

பின்சேர்க்கை: இதையே 3.3 வோல்ட் போர்டான இஎஸ்பி32-இல் செய்ய ஒருவர் வழி கேட்டிருந்தார். நேரடியாக மாட்டாதீர்கள். 5 ஆம்பியர் ஓடினால் சென்சார் 3.4 வோல்ட்டைத் தாண்டும், அந்தப் பின் தாங்குவது 3.3 தான். சென்சார் பக்கம் 10 கிலோ ஓம், கிரவுண்ட் பக்கம் 20 கிலோ ஓம் வைத்து வோல்டேஜைப் பிரித்து, இரண்டும் சேரும் இடத்திலிருந்து பின்னுக்குக் கொடுங்கள். கணக்கில் 185-க்குப் பதில் 123 போடுங்கள்.