கைக்குழந்தை, ஐந்து வயது, பன்னிரண்டு வயது: மூவரோடும் ஊட்டிக்குப் போகப் பெட்டி அடுக்குவது எப்படி?

பத்து மாதக் கைக்குழந்தை, ஐந்து வயதுப் பையன், பன்னிரண்டு வயதுப் பெண். மூவரையும் அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து ஊட்டிக்கு மூன்று நாள் போய்வர வேண்டும். போன டிசம்பரில் எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்.

அதற்கு ஆறு மாதம் முன்பு திருநெல்வேலிக்குப் போனபோது ஆளுக்கொரு பெட்டி என்று அடுக்கியிருந்தேன். பார்ப்பதற்கு அத்தனை ஒழுங்கு. நள்ளிரவில் சின்னவன் பாலைக் கக்கிவிட்டான். அவன் சட்டையும் என் புடவையும் நனைந்துவிட்டன. மாற்றுத்துணி இருந்த பெட்டியோ எதிர் பெர்த்தின் அடியில், பிறருடைய மூன்று பெட்டிகளுக்குப் பின்னால் கிடந்தது. தூங்குகிறவர்களை எழுப்ப மனம் வராமல், துண்டைச் சுற்றி அவனை விடியும்வரை மடியில் வைத்திருந்தேன். அன்றுதான் புரிந்தது: ஒரு பொருள் யாருடையது என்று பார்த்து அடுக்கினால் போதாது, எந்த நேரத்தில் கைக்கு வேண்டும் என்று பார்த்து அடுக்க வேண்டும். முதன்முறையாகப் பிள்ளைகளோடு கிளம்புகிறவர்களுக்காக அந்த முறையை எழுதுகிறேன்.

முதல் படி: பயணத்தை நேரங்களாகப் பிரியுங்கள்

பெட்டியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். நீலகிரி எக்ஸ்பிரஸ் சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு 9 மணி வாக்கில் புறப்பட்டு, காலையில் மேட்டுப்பாளையம் சேர்கிறது. அங்கிருந்து மலை ரயில் 7 மணியைத் தாண்டியதும் கிளம்பிவிடும். இடையில் ஒரு மணி நேரம்கூட இருக்காது. (நேரம் மாறக்கூடும், டிக்கெட்டை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.) மலை ரயிலில் 46 கிலோமீட்டர், ஏறக்குறைய ஐந்து மணி நேரம். பிறகு ஊட்டி அறை.

ஆக நான்கு பொழுதுகள்: ரயில் இரவு, மேட்டுப்பாளையத்து விடியல், மலை ரயில், அறை. தாளில் நான்கு கட்டம் போட்டு, ஒவ்வொரு பிள்ளைக்கும் அந்தந்தப் பொழுதில் என்ன வேண்டும் என்று எழுதுங்கள். எழுதும்போதே பாதிப் பொருள் தேவையில்லை என்று தெரிந்துவிடும்.

உயரத்தையும் மறக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 330 மீட்டர் வாக்கில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். ஏறும்போது வெயிலாக இருந்த காற்று, குன்னூருக்குள் குளிராகிவிடும். ஸ்வெட்டர் முதலில் தேவைப்படுவது அறையில் அல்ல, மலை ரயிலில்தான்.

இரண்டாம் படி: மஞ்சப்பைகளைத் தேடி எடுங்கள்

கல்யாண வீடுகளில் தாம்பூலத்தோடு தரும் மஞ்சப்பைகள் எல்லா வீட்டிலும் பத்தாவது இருக்கும். துணி அடுக்க அதைவிட நல்ல பை கிடையாது. ஒரு பிள்ளைக்கு ஒரு நாள் உடை, ஒரு பை: ஜட்டி, பனியன், முழுக்கைச் சட்டை, கால்சட்டை, காலுறை எல்லாம் ஒன்றாகச் சுருட்டி உள்ளே. மேலே பேனாவால் பெயரும் நாளும் எழுதிவிடுங்கள். காலையில் ‘அம்மா, என் சட்டை எங்கே?’ என்ற கேள்வியே வராது, பெட்டியும் கலையாது. பழைய உடைகள் அதே பைக்குள் திரும்பிவிடும்.

மூன்றாம் படி: இரவுப் பை

அம்மாவின் தோளிலேயே இருக்க வேண்டிய பை இது. பெர்த்தின் அடியில் போகவே கூடாது. இரவில் தலைமாட்டில் இருக்கட்டும். கைக்குழந்தையின் பொருள்களில் பெரும்பகுதி இதில்தான். வேண்டியவை: ஆறு டயப்பர்கள், வெட் வைப்ஸ், குழந்தைக்கு இரண்டு ஜோடி உடை, உங்களுக்கு ஒரு மாற்றுடை, துப்பட்டியாகும் அளவுக்குத் துண்டு ஒன்று, ஃபிளாஸ்கில் வெந்நீர், பால்புட்டி அல்லது பாலாடை. உங்கள் மாற்றுடையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எல்லோரும் குழந்தைக்கு எடுத்துவைத்துவிட்டுத் தங்களை மறந்துவிடுகிறார்கள்.

இவற்றோடு ஒரு பழைய நூல் புடவை. பலமுறை துவைத்து மெத்தென்று ஆகிப்போன புடவையாக இருக்க வேண்டும். என்னுடையது அம்மாவின் சுங்குடிப் புடவை. ஓரம் நைந்து, சாயம் வெளுத்துவிட்டது. ரயிலில் பாதியைப் பெர்த்தில் விரித்து, மீதியைக் குழந்தைமேல் போர்த்தினேன். பால் கொடுக்கும்போது அதுவே மறைப்பு. தெரியாத ஊரில், தெரியாத கட்டிலில் வீட்டு வாசனையோடு ஒரு துணி இருந்தால் கைக்குழந்தை சீக்கிரம் தூங்கும் என்பது என் அனுபவம். ஓடும் ரயிலில் அதைத் தூளியாகக் கட்டவே வேண்டாம். ஒரு குலுக்கலில் முடிச்சு நழுவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவல் பொடியும் இந்தப் பையில் இருக்கட்டும். அவலை வெறும் வாணலியில் வறுத்து மாவாகப் பொடித்தால் போதும். வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் கூழ் தயார். கேழ்வரகு மாவை அடுப்பில் காய்ச்சித்தான் ஆக வேண்டும் என்பதால், அது அறை வந்தபின்.

நான்காம் படி: ஐந்து வயதுக்கு அவன் பை

அவனே அடுக்கட்டும், அவனே சுமக்கட்டும். பள்ளிப் பை பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 ஆம் ஆண்டுக் கொள்கை. இங்கும் அதே அளவுதான்: 18 கிலோ பையன் என்றால் ஒன்றரை கிலோ போதும். ஸ்வெட்டர், குல்லா, சின்னத் தண்ணீர் பாட்டில், படம் வரைய நோட்டு, அவனுக்குப் பிடித்த பொம்மை ஒன்று. ஒன்றேதான். எங்கள் பையன் மூன்று கார்களைத் தரையில் வரிசையாக நிறுத்தி, எதை விடுவது என்று அரை மணி நேரம் யோசித்தான். அந்த அரை மணி நேரத்தை அவனுக்குக் கொடுங்கள். தானே தேர்ந்ததைப் பிள்ளை தொலைப்பதில்லை.

அவனுக்கு மாற்றுக் கால்சட்டை இரண்டை நீங்கள் தோள்பையில் வைத்திருங்கள். மலை ரயிலில் கழிவறையை நம்பிப் போக வேண்டாம். என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நிற்கும். நின்ற இடத்திலெல்லாம் அவனை இறக்கிக் கூட்டிப்போய்விடுங்கள்.

ஐந்து வயது நிறைந்த பிள்ளைக்கு ரயிலில் டிக்கெட் உண்டு. தனி பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். வயதுச் சான்றின் நகலையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பன்னிரண்டு வயதிடம் ஒரு பொறுப்பு

இந்த வயதில் தம்பிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையை மட்டும் தலையில் கட்டினால் பிள்ளைக்கு மனம் கசந்துவிடும். நான் மகளிடம் முதல் படியில் சொன்ன தாளைக் கொடுத்தேன். ஒவ்வொரு இடத்திலும் இறங்கும்போது பைகளை எண்ணுவது அவள் வேலை. மேட்டுப்பாளையத்தில், விடிந்தும் விடியாத வெளிச்சத்தில், ‘ஏழு இருக்க வேண்டும், ஆறுதான் இருக்கிறது’ என்று அவள்தான் சொன்னாள். சாப்பாட்டுக் கூடை பெர்த்திலேயே இருந்தது.

அவள் பைக்குள் ஒரு சின்னத் துணிப்பையும் வேண்டும்: இரண்டு மூன்று நாப்கின்கள், ஒரு உள்ளாடை, கருப்புக் கால்சட்டை, சுற்றிப்போடப் பழைய செய்தித்தாள். இன்னும் வயதுக்கு வரவில்லை என்றாலும் வையுங்கள். முதல்முறை வெளியூரிலும் வரலாம். எதற்கு, எப்படி என்று கிளம்புவதற்கு முன்பே உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். அந்த நேரத்தில் பிள்ளை தனியாகப் பயந்து நிற்கக் கூடாது.

ஆறாம் படி: மருந்து

வயது வித்தியாசம் இருக்கும் வீட்டில் மிகுந்த கவனம் வேண்டிய இடம் இது. காய்ச்சலுக்கான பாராசிட்டமால் கைக்குழந்தைக்குச் சொட்டு மருந்தாகவும், பெரிய பிள்ளைக்கு சிரப்பாகவும் வருகிறது. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்கு 120 அல்லது 250 மில்லிகிராம்தான். அதாவது சொட்டு மருந்து இரண்டு முதல் நான்கு மடங்கு அடர்த்தியானது. இரவில், மங்கிய வெளிச்சத்தில், ஒன்றுக்கு மற்றொன்றை மாற்றிக் கொடுத்தால் ஆபத்து. புறப்படும் முன் உங்கள் மருத்துவரிடம் ஒவ்வொரு பிள்ளையின் எடைக்கும் அளவைக் கேட்டு, பெயரோடு எழுதி அந்தந்தப் புட்டியில் ஒட்டிவிடுங்கள். அளவு மூடிகளையும் மாற்றாதீர்கள்.

வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். உப்புப் பொடியில் பெரிய பொட்டலம் ஒரு லிட்டர் தண்ணீருக்கு. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். வளைவுகளில் வாந்தி வரும் பிள்ளைக்கு முகர ஒரு எலுமிச்சம்பழம் கையில் இருக்கட்டும். ஏறுவதற்கு முன் வயிறு முட்டக் கொடுக்காதீர்கள்.

ஏழாம் படி: சாப்பாடும் தண்ணீரும்

இரவுக்கு, மிளகாய்ப் பொடியை நல்லெண்ணெயில் குழைத்து இருபுறமும் தடவிய இட்லி. காரம் ஆகாத சின்னவர்களுக்கு நெய் தடவியது. தணலில் வாட்டிய வாழையிலையில் கட்டினால் இலை கிழியாது, மணமும் ஏறும். காலைக்குப் புளிச்சாதம், அது கெடாது.

நீலகிரி மாவட்டத்தில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. கடையில் வாங்கும் தண்ணீர் பாட்டிலும் அதில் அடக்கம். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்தே வரட்டும். அந்த மலையில் யானையும் காட்டெருமையும் நடமாடுகின்றன. நாம் வீசும் பை அவற்றின் வயிற்றுக்குள் போகிறது. காரில் போவதானால் இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கிறது.

எட்டாம் படி: பெரிய பெட்டி

இப்போதுதான் பெரிய பெட்டியைத் திறக்கிறோம். கடைசி நாள் மஞ்சப்பை அடியில், முதல் நாள் பை மேலே. மலை ரயில் பெட்டிகள் குறுகல் என்பதால் ஒரு பெரிய சூட்கேஸைவிட இரண்டு நடுத்தரப் பைகள் நல்லது. டயப்பர் கட்டு, பிஸ்கட், சோப்பு எல்லாம் ஊட்டியிலேயே கிடைக்கும், சுமக்க வேண்டாம். குழந்தைக்குப் பழகிய பால்பொடியை மட்டும் முழு அளவும் கொண்டுபோங்கள்.

டிசம்பர் ஊட்டியில் துவைத்த துணி அன்றே காயாது. ஆகவே கைக்குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு ஜோடி கூடுதலாக வையுங்கள். ஈரத்துணிக்குத் தனியாக ரெக்ஸின் பை ஒன்று. கடைசியாக, பெட்டியின் மேல்புறம் ஒரு சாண் இடம் விடுங்கள். திரும்பும்போது எப்படியும் ஊட்டியின் மொறுமொறு பிஸ்கட்டான வர்க்கி வாங்குவீர்கள். துணிகளுக்கு நடுவே திணித்தால் வீடு சேர்வதற்குள் அது பொடிப்பொடியாகிவிடும்.