ஹாலோ பிளாக் சுவரில் ஸ்க்ரூ நிற்க என்ன செய்யலாம்?

ஹாலோ பிளாக் (நடுவில் குழி உள்ள கான்கிரீட் கல்) வீட்டில் குடியேறியவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் இது: "டிரில் போட்டேன், பிளக் உள்ளே விழுந்துடுச்சு." ஸ்க்ரூவைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் இந்தச் சின்ன பிளாஸ்டிக் குழல், அதாவது சாதாரண பிளக், தன்னைச் சுற்றி இருக்கிற கெட்டியான பொருளை நெருக்கிப் பிடித்துத்தான் நிற்கும். பின்னால் வெறும் காற்று என்றால் எதைப் பிடிக்கும்? செங்கல் சுவரில் செய்ததையே இங்கும் செய்தால் அப்படித்தான் ஆகும்.

படி 1: உள்ளே என்ன இருக்கிறது?

பூசிய சுவரை விரலால் தட்டிப் பார்த்துப் பெரிதாக ஒன்றும் தெரியாது. மாட்டப்போகும் பொருள் மறைக்கிற இடமாகப் பார்த்து, மெல்லிய பிட்டால் ஒரு துளை போடுங்கள். சுவிட்ச் போர்டுக்கோ குழாய்க்கோ நேர் மேலும் கீழும் வேண்டாம். ஒயரும் பைப்பும் பெரும்பாலும் அந்த வழியில்தான் ஓடும்.

சாம்பல் நிறத் தூள் வந்து, நாலைந்து சென்டிமீட்டர் போனதும் பிட் சட்டென்று முன்னே பாய்ந்தால் ஹாலோ பிளாக். பூச்சு ஒரு 12 மி.மீ., பிளாக்கின் ஓடு 25 முதல் 35 மி.மீ., அதற்குப் பிறகு குழி. பாயாமல் கெட்டியாகவே போய்க்கொண்டிருந்தால் பிளாக்கின் நடுத்தடுப்பிலோ கான்கிரீட் தூணிலோ பட்டிருக்கிறது. அதிர்ஷ்டம்தான், அங்கே சாதாரண பிளக்கே போதும். வெள்ளை மாவு கொட்டி, ஒன்றேகால் சென்டிமீட்டரிலேயே பாய்ந்தால் அது ஜிப்சம் போர்டு தடுப்பு.

படி 2: எதை வாங்குவது?

கடிகாரம், போட்டோ, சின்ன ஷெல்ஃப் என்றால், குழிக்குள் போய் முடிச்சு மாதிரி சுருண்டு பிடிக்கும் நைலான் பிளக் கேளுங்கள். சாம்பலும் சிவப்புமாக இருக்கும் ஃபிஷர் டியோபவர் இந்த ரகம்தான். 8 மி.மீ. பிளக்குக்கு 4.5 முதல் 6 மி.மீ. வரை ஸ்க்ரூ போடலாம். நீளத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பூச்சுக்குத் தாங்கும் சக்தி கிடையாது, அதைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பூச்சு தடிமனாக இருந்தால் 8×40-ஐ (8 மி.மீ. விட்டம், 40 மி.மீ. நீளம்) விட்டுவிட்டு 8×65 வாங்குங்கள்.

ஸ்க்ரூவின் நீளத்துக்கு எளிய கணக்கு: பிளக்கின் நீளம், மாட்டும் பொருளின் தடிமன், ஸ்க்ரூவின் விட்டம், மூன்றையும் கூட்டுங்கள். 65 மி.மீ. பிளக், 3 மி.மீ. பிராக்கெட், 5 மி.மீ. ஸ்க்ரூ என்றால் 73. கடையில் 75 கிடைக்கும்.

ஜிப்சம் போர்டில் லேசான பொருளுக்கு, போர்டிலேயே திருகி இறக்கும் அகல மரை பிளக் போதும். கனமாக இருந்தால் டாகிள் போல்ட். அதன் இரண்டு இறக்கைகளும் மடங்கியபடி துளைக்குள் போய், அந்தப் பக்கம் குடை மாதிரி விரிந்துகொள்ளும். முடிந்தால் இதற்கெல்லாம் போகாமல், ஒரு காந்தத்தைச் சுவரில் ஓட்டிப் பாருங்கள். அது ஒட்டும் இடங்களில் போர்டு ஸ்க்ரூவின் தலை இருக்கும், அதன் பின்னால் இரும்புச் சட்டம் இருக்கும். நேராக அந்தச் சட்டத்திலேயே ஸ்க்ரூ ஏற்றுவது நல்லது.

படி 3: துளை போடுவது

டிரில்லில் ஹாம்மர் மோடை, அதாவது சுற்றிக்கொண்டே இடிக்கிற அமைப்பை, அணைத்துவிடுங்கள். இந்தப் பதிவில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஹாம்மரில் போட்டால் முன்பக்கம் அழகான வட்டம்தான் தெரியும். ஆனால் பிட் வெளியேறும் உள்பக்கத்தில் ஓடு சில்லு சில்லாகப் பெயர்ந்து, 30 மி.மீ. இருந்த இடத்தில் பாதிகூட மிஞ்சாது. பிளக் பிடிக்க வேண்டிய இடமே அதுதான். வெறும் சுழற்சியில், கூரான கான்கிரீட் பிட்டால் போடுங்கள். நேரம் பிடிக்கும், பரவாயில்லை.

ரசமட்டம் வைத்துக் குறித்து, குறியின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. பிளக்கின் அளவுக்கே பிட்டும் இருக்கட்டும். 8 மி.மீ. பிளக்குக்கு 8 மி.மீ. பிட். தூளை ஊதி எடுத்துவிடுங்கள்.

படி 4: பொருத்துவது

பிளக்கைச் சுத்தியலால் மெதுவாகத் தட்டி, விளிம்பு சுவரோடு சமமாகும் வரை இறக்குங்கள். ஸ்க்ரூவைக் கையாலேயே முடுக்குங்கள். முதலில் லேசாகப் போகும், பிறகு இறுகும். அந்த இறுக்கம் வந்ததும் நிறுத்திவிடுங்கள். கூடவே பிளக்கும் சுற்றினால் துளை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். தீக்குச்சியைச் செருகிச் சமாளிக்காமல் 10 மி.மீ. பிளக்குக்கு மாறுங்கள்.

வாட்டர் ஹீட்டருக்கு

15 லிட்டர் ஹீட்டரில் தண்ணீர் மட்டுமே 15 கிலோ. இதற்கு நைலான் பிளக்கை நம்ப வேண்டாம், மரையிட்ட கம்பியைப் பசையால் சுவரில் பிடிக்க வைக்கும் கெமிக்கல் ஆங்கர் போடுங்கள். துளையைச் சுத்தம் செய்து, சல்லடை மாதிரி ஓட்டை உள்ள குழாயைச் செருகுங்கள். அது இல்லாவிட்டால் பசை முழுக்கக் குழிக்குள் வழிந்துவிடும். குழாயின் உள்முனையிலிருந்து பசையை நிரப்பிக்கொண்டே வெளியே வந்து, மரையிட்ட கம்பியைத் திருகியபடி நுழைக்க வேண்டும். பசை ஓட்டைகள் வழியே பிதுங்கி உள்ளே இறுகுவதுதான் பிடிமானம். எவ்வளவு நேரம் காய வேண்டும் என்று டியூபிலேயே போட்டிருக்கும், அதுவரை கம்பியைத் தொடக்கூடாது.

இப்போதுதான் வீடு கட்டுகிறீர்கள் என்றால் ஹீட்டர் வரும் இடத்தைக் கொத்தனாரிடம் முன்பே காட்டி, அந்த வரிசை பிளாக் குழிகளில் கான்கிரீட் நிரப்பச் சொல்லிவிடுங்கள். பிளம்பர் வரும்போது சாதாரண ஆங்கர் போல்ட்டே பிடித்துக்கொள்ளும்.