அட்வான்ஸ் தகராறு: வீட்டு உரிமையாளர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவரோடு முன்பணத்துக்காக வரும் தகராறில், தம் பக்கம் நியாயம் இருந்தும் உரிமையாளர் தோற்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அவர் கையில் எழுத்துப்பூர்வமாக எதுவும் இருப்பதில்லை.

தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உறவை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாத வரை முன்பணம் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்றும், காலி செய்த ஒரு மாதத்துக்குள், வாடகைதாரர் தர வேண்டிய பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தர வேண்டும் என்றும் அது சொல்கிறது. வாங்கிய அட்வான்ஸைச் செலவழித்துவிட்டு, "அடுத்த ஆள் வரட்டும், தருகிறேன்" என்று சொல்வது, ஏற்கெனவே முரண்டு பிடிப்பவரின் கையில் நாமே ஆயுதத்தைக் கொடுப்பதாகும்.

அதிகச் சண்டை வருவது பெயின்டிங் செலவில்தான். ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது சென்னையில் பல ஆண்டு வழக்கம் என்றாலும், மேற்படிச் சட்டத்தின் அட்டவணை சுவருக்கு வெள்ளையடிப்பதையும் கதவு, சன்னல்களுக்கு வர்ணம் பூசுவதையும் உரிமையாளரின் பொறுப்பில்தான் வைத்திருக்கிறது. எனவே ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதப்படாத பெயின்டிங் பிடித்தம் வலுவற்றது. வெயிலில் நிறம் மங்கிய சுவர் காலத்தால் வரும் தேய்மானம். ஏசியைக் கழற்றியபோது பெயர்த்துவிட்டுப் போன சுவர்ப்பூச்சோ சேதம். இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்து மொத்தத் தொகை சொல்பவரை எவரும் நம்ப மாட்டார்கள். குடிவந்த அன்று எடுத்த படம், காலி செய்த அன்று எடுத்த படம், கொத்தனார் தந்த ரசீது ஆகிய மூன்றும் சேர்ந்தால்தான் அது கணக்கு.

மின்கட்டணத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை நடப்பதால், இடையில் காலி செய்பவரின் பங்கு எவ்வளவு என்பது சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து, அந்த அளவை இருவரும் எழுதிக் கையெழுத்திட்டால் மட்டுமே தெரியும். அடுத்தவர் குடிவந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், யூனிட் கூடக் கூட விகிதமும் ஏறும் கட்டணத்தில் யார் பங்கு எது என்று பிரிக்கவே முடியாது.

கடைசி மாதங்களின் வாடகையை "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்பவரிடம் தயவுதாட்சண்யத்தால் தலையாட்டுவதும் தவறே. சேதத்துக்காக வைத்திருந்த தொகை வாடகையாகவே கரைந்துபோன பிறகு, உடைந்த வாஷ்பேசினுக்கு யாரிடம் போய்க் கேட்பது?

பேச்சு முற்றிய நிலையில் வாடகைதாரரின் பொருள்களைப் பிடித்துவைப்பது, காலி செய்யும் முன்பே தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்துவது, வேலை பார்க்கும் இடத்துக்குப் போய்ச் சத்தம் போடுவது போன்றவை நம்மையே எதிர்மனுதாரர் ஆக்கிவிடும். காவல் நிலையத்திலும் பெரும்பாலும் இதைச் சிவில் விவகாரம் என்றே சொல்லி அனுப்புவார்கள். இச்சட்டத்தின்கீழ் அமைந்த வாடகை நீதிமன்றமே போக வேண்டிய இடம். ஆனால் முத்திரைத்தாளில் எழுதிப் பீரோவில் வைத்த, பதிவு செய்யாத பதினொரு மாத ஒப்பந்தத்தோடு அங்கே போய் நிற்பது மிகவும் கடினம்.

பிடித்தம் ஒவ்வொன்றையும் தொகையோடு எழுதி, ரசீது நகல்களை இணைத்து, ஒரு மாதக் கெடுவுக்குள் வாடகைதாரருக்கு விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்பிவிட வேண்டும். மீதியை ரொக்கமாக அல்லாமல் வங்கி வழியாகச் செலுத்தி, கணக்குத் தீர்ந்தது என்று அவரிடம் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அவர் கையெழுத்திட மறுத்தாலும், தகராறு இல்லாத தொகையை நிறுத்திவைக்கக் கூடாது.